மக்கள் ஆணையைக் கணக்கிடத் தேர்தல் முடிவுப் பக்கங்கள் உதவுகின்றனவா?

புதிதாகத் தெரிவான ஜனாதிபதி எவரும் தமக்கு மக்கள் ஆணை கிடைத்திருப்பதாக முதல் உரையிலேயே அறிவிப்பதும், தோற்ற தரப்பினர் மறுநாளே அதை மறுப்பதும் வழக்கமாகிவிட்டன. இருவரும் எடுத்துக்காட்டுவது ஒரே முடிவுத் தாளைத்தான். ஆகவே அந்தத் தாளை வெளியிடும் சேவைகளையே சரக்காகக் கருதி இங்கே மதிப்பிடுகிறேன். பிரான்ஸின் உள்துறை அமைச்சு வெளியிடும் முடிவுப் பக்கம், அமெரிக்காவின் தேர்தல் இரவு வரைபடங்கள், இலங்கைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் முடிவுத் தாள் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டேன். வென்றவருக்கு உண்மையில் எத்தனை வாக்காளர்களின் ஆதரவு இருக்கிறது என்பதை ஒரு சாதாரண வாசகர் இவற்றைப் பார்த்துத் தாமே தீர்மானிக்க முடிகிறதா என்பதே என் அளவுகோல்.

இந்த அளவுகோலின்படி பிரெஞ்சுப் பக்கத்துக்கே முதலிடம் தருவேன். அங்கே ஒவ்வொரு வேட்பாளரின் பெயருக்கு எதிரிலும் வாக்கு எண்ணிக்கையோடு இரண்டு சதவீதங்கள் அச்சாகின்றன. ஒன்று பதிவு செய்யப்பட்ட மொத்த வாக்காளர்களில் அவர் பெற்ற பங்கு, மற்றது செல்லுபடியான வாக்குகளில் அவர் பெற்ற பங்கு. முதல் சுற்றில் எவரும் பாதியைத் தாண்டாதபோது முன்னணியில் உள்ள இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றில், 2022ஆம் ஆண்டு எமானுவேல் மக்ரோன் செல்லுபடியான வாக்குகளில் சுமார் 58.5 சதவீதம் பெற்றார் என்று உலகம் முழுவதும் செய்தி வந்தது. அதே வரியின் பக்கத்துக் கட்டத்தில் 38.5 என்ற எண்ணும் இருந்தது. கீழே வாக்களிக்காதோர், வெற்றுச் சீட்டுப் போட்டோர், செல்லாத சீட்டுப் போட்டோர் ஆகியோர் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டு வரை வெற்றுச் சீட்டும் செல்லாத சீட்டும் ஒரே கணக்கில் கிடந்தன. அவற்றைப் பிரித்த பிறகுதான், 2017ஆம் ஆண்டு இரண்டாம் சுற்றில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்குச் சாவடி வரை சென்று இருவரில் எவரையும் தேர்ந்தெடுக்காமல் திரும்பினார்கள் என்பது தெளிவாகப் புலப்பட்டது.

முதல் சுற்றின் முடிவையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்தப் பக்கத்தின் அருமை தெரிகிறது. 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜாக் சிராக் 82.21 சதவீதம் பெற்று வென்றார். பதிவு செய்யப்பட்டவர்களில் கணக்கிட்டாலும் அது 62 சதவீதம். எந்த நாட்டு ஜனாதிபதியும் பொறாமைப்படத் தக்க எண் இது. ஆனால் இரண்டே வாரங்களுக்கு முன் நடந்த முதல் சுற்றில் அவர் பெற்றது 19.88 சதவீதம் மட்டுமே. இடைப்பட்ட நாட்களில் அவருடைய கொள்கை மாறிவிடவில்லை. எதிரே தீவிர வலதுசாரித் தலைவர் ஜான்-மாரி லெ பென் நின்றதால், அவரைத் தடுப்பதற்காக இடதுசாரி வாக்காளர்களும் சிராக்குக்கு வாக்களித்தார்கள். அது பதவியில் அமர்வதற்கான ஆணை என்பதில் ஐயமில்லை. அவருடைய திட்டம் முழுவதற்குமான ஆணை என்று சொல்வது மிகை. எந்த அட்டவணையும் வாக்களித்தவரின் நோக்கத்தை அச்சிடாது என்றாலும், இரு சுற்றுகளையும் பங்குகளோடு ஒன்றன்கீழ் ஒன்றாகத் தரும் அட்டவணை அந்த நோக்கத்தை ஊகிக்கவாவது இடம் தருகிறது. 2022இல் வென்ற இரவில் மக்ரோனே, தம் கருத்துகளுக்காக அல்லாமல் தீவிர வலதுசாரிகளைத் தடுப்பதற்காகப் பலர் தமக்கு வாக்களித்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். அடுத்து ஜூன் மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி அறுதிப் பெரும்பான்மையை இழந்தது. 38.5 என்ற கட்டத்தைக் கவனித்திருந்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

அமெரிக்கச் சேவையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேர்தல் இரவில் நாடு முழுவதற்குமான முடிவை அறிவிக்கும் அரசு அமைப்பு எதுவும் அங்கே இல்லாததால், செய்தி நிறுவனங்களின் வரைபடங்களே முடிவாக நிற்கின்றன. அந்த வரைபடங்கள் மனிதர்களுக்குப் பதிலாக நிலப்பரப்புக்கு வண்ணம் பூசுகின்றன. 2024 நவம்பரில் டொனால்ட் டிரம்ப் முன்னெப்போதும் இல்லாத, வலிமையான ஆணை தமக்குக் கிடைத்திருப்பதாக அறிவித்தபோது பல மாநிலங்களில் எண்ணிக்கை முடிந்திருக்கவில்லை. அன்றிரவு பாதிக்கு மேல் காட்டிய அவருடைய பங்கு, கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் வாரக்கணக்கில் எண்ணி முடித்தபோது 49.8 சதவீதமாக இறங்கியது. கமலா ஹாரிஸ் 48.3 சதவீதம் பெற்றிருந்தார். மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டு ஜனாதிபதியை முறைப்படி தெரிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் 312க்கு 226 என்ற இடைவெளியோ அப்படியே நின்றது. 2000, 2016 ஆகிய இரு தேர்தல்களிலும் நாடளாவிய வாக்குகளில் பின்தங்கியவரே ஜனாதிபதியானார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வரைபடத்திலிருந்து மக்கள் ஆணையை அளக்க முயல்வது வீண் வேலை.

இலங்கைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தாளைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். அதில் பாராட்டத் தக்கவையும் குறைகளும் நெருங்கியே இருக்கின்றன. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் முடிவுகள் வருகின்றன. தேர்தல் தொகுதி, மாவட்டம், நாடு என்று மேலேறிச் செல்லும் ஒழுங்கு சீராக இருக்கிறது. 2024 செப்டம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் அனுர குமார திசாநாயக்க நாடளாவிய ரீதியில் 42.31 சதவீதம் பெற்று முதலிடத்தில் இருந்தபோதிலும், யாழ்ப்பாண மாவட்டத்தில் 27,086 வாக்குகளை, அதாவது சுமார் 7 சதவீதத்தை மட்டுமே பெற்றார் என்பதை மாவட்டத் தாளில் உடனே காண முடிந்தது. வடக்கில் ஆணை இல்லை என்ற வாதத்துக்கு இந்தத் தாளே சான்றாக இருந்தது. நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளுடன் ஆறு ஆசனங்களில் மூன்றை வென்றபோது, அந்த வாதத்தைத் திருத்தியதும் இதே சேவைதான்.

குறை, சதவீதங்களின் அடிப்படையில் இருக்கிறது. தாளில் வேட்பாளரின் சதவீதம் செல்லுபடியான வாக்குகளைக் கொண்டும், செல்லுபடியான வாக்குகளின் சதவீதம் அளிக்கப்பட்ட வாக்குகளைக் கொண்டும், அளிக்கப்பட்ட வாக்குகளின் சதவீதம் பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களைக் கொண்டும் கணக்கிடப்படுகின்றன. மூன்றும் சரியான கணக்குகளே. ஆனாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால் மேலோட்டமாகப் படிப்பவர் அவற்றை ஒரே வரிசையாக எண்ணிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பதிவு செய்யப்பட்ட 17,140,354 பேரில் வென்றவரின் முதல் விருப்பு வாக்குகளான 5,634,915 எத்தனை சதவீதம் என்பதை வாசகரே வகுத்துப் பார்க்க வேண்டும். விடை 32.88.

இரண்டாம் எண்ணிக்கையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. எவரும் பாதியைத் தாண்டாததால், இலங்கையின் வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்குகள், அதாவது முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பாக அந்த இருவருக்குக் குறிக்கப்பட்டவை, எண்ணப்பட்டன. அனுரவுக்கு 105,264 வாக்குகளும் இரண்டாம் இடத்தில் இருந்த சஜித் பிரேமதாசவுக்கு 167,867 வாக்குகளும் சேர்ந்தன. இறுதியில் 5,740,179க்கு 4,530,902 என்று முடிந்ததை 55.89 சதவீதம் என எழுதினால் தெளிவான பெரும்பான்மை போலத் தோன்றும். அது இருவருக்கும் கிடைத்த வாக்குகளை மட்டுமே நூறாகக் கொண்ட கணக்கு. செல்லுபடியான 13,319,616 வாக்குகள் அனைத்தையும் அடிப்படையாக வைத்தால் அவருடைய பங்கு 43.10 சதவீதமே. எஞ்சிய 3,048,535 சீட்டுகளில் இந்த இருவருக்கும் விருப்பு இடப்பட்டிருக்கவில்லை. விருப்பு வாக்கு முறையின் நோக்கமே பரந்த ஆணையைத் திரட்டுவதுதான் என்னும்போது, அது எவ்வளவு திரளவில்லை என்பதைச் சொல்லும் இந்த எண்ணே அத்தேர்தலின் மிக முக்கியமான எண் என்பது என் கருத்து.

அதற்காக அதிக சதவீதம் பெற்றவருக்கு நிலையான ஆணை இருக்கிறது என்றும் கொள்ள முடியாது. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ முதல் எண்ணிக்கையிலேயே 52.25 சதவீதம் பெற்றார்; பதிவு செய்யப்பட்டவர்களில் அது 43 சதவீதத்துக்கும் மேல். "69 இலட்சம் மக்களின் ஆணை" என்பது அவருடைய ஆதரவாளர்களின் வாயில் மந்திரம் போல் ஒலித்தது. 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். எனவே முடிவுத் தாளிடம் அன்றைய நாளின் அளவை மட்டுமே கேட்க வேண்டும். அதை முழுமையாகத் தருகிறதா என்பதே கேள்வி.

பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஐந்தில் நான்கரை, இலங்கைத் தாளுக்கு மூன்றரை, அமெரிக்க வரைபடங்களுக்கு ஒன்று. பிரெஞ்சுப் பக்கம் பிரெஞ்சு மொழியில் மட்டுமே இருப்பதற்காக அரைப் புள்ளியைக் குறைத்தேன். இலங்கைத் தாளின் குறையைப் போக்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வேட்பாளரின் வரியில் பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களின் அடிப்படையிலான சதவீதத்துக்கு ஒரு நிரலும், இரண்டாம் எண்ணிக்கையின் அடியில் இருவருக்கும் சேராத சீட்டுகளின் தொகைக்கு ஒரு வரியும் சேர்த்தால் போதும். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் தேர்தல்கள் ஆணைக்குழு இவ்விரண்டையும் செய்ய வேண்டும்.