மதிலோரத்து அசோகா: பதினொரு வருட அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வளவு ஆறு பேர்ச், அதாவது ஏறக்குறைய 1,600 சதுர அடி. வீடு போக மிஞ்சியது மதிலோரமாக ஓடும் நாலடி அகல நிலம் மட்டும்தான். 2014இல் பக்கத்துக் காணியில் தொடர்மாடி எழும்பியது. அதன் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் குசினி நேராகத் தெரியும். பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடி, லைட்டைப் போட்டுக்கொண்டு அம்மா சமைத்தார்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி தன் வீட்டு வாசலில் நிற்கும் ஒடுங்கிய ஓக் மரத்தைப் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, இப்படி ஒன்று வையுங்கோ" என்றாள். தூண் போல நிமிர்ந்து நின்ற அந்த மரத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஓக் பனிக்காலத்தில் உறங்கி எழும்புகிற மரம், அந்தக் குளிர் கொழும்பில் கிடைக்காது. இங்கே அந்த வேலைக்கு ஏற்றது நெட்டிலிங்கம்தான், அதிலும் கிளைகள் தண்டோடு ஒட்டித் தொங்கும் வகை. இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான மரம். நாங்கள் அசோகா என்று கூப்பிட்டாலும், செம்மஞ்சள் கொத்தாகப் பூக்கிற உண்மையான அசோக மரம் வேறு. இது அன்னமுன்னாவின் குடும்பம்.

சீக்கிரம் அடர வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டடிக்கு ஒன்றாகப் பத்துக் கன்று வைத்தேன். அது பிழை. நாலாம் வருடம் நடுவில் நின்றவை வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு மெலிந்தன, கீழ்க் கிளைகள் காய்ந்தன. மனமில்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்த பிறகுதான் மிச்சம் ஐந்தும் தேறின. நாலடி இடைவெளி கட்டாயம் வேண்டும். எங்கள் பக்கம் கடல் மணல், ஊற்றும் தண்ணீர் நிற்காது. அதனால் குழிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி, மேலே மாட்டெரு கலந்த மண் போட்டேன். முதல் இரண்டு வருடம் தை, மாசி வெயிலுக்கு மட்டும் பின்னேரத்தில் தண்ணீர் விட்டோம். அப்புறம் மழையே போதுமாக இருந்தது. மதிலில் இதுவரை ஒரு வெடிப்பும் இல்லை.

எனக்கு ஆறாத கவலை வாசல் பக்கத்து மரம். மேலே மின்கம்பி போவதைக் கவனிக்காமல் வைத்துவிட்டேன். 2020இல் கூலிக்கு வந்தவர் நுனியை வெட்டினார். ஒரே தண்டாக ஏறிய மரம் வெட்டின இடத்தில் நாலைந்து தலை போட்டது. அதோடு அந்த ஒடுங்கிய வடிவம் போனது, பிறகு திரும்பவில்லை. கன்று வாங்க முன்னம் அண்ணாந்து பாருங்கள். கம்பி இருந்தால் இந்த மரம் வேண்டாம்.

இலை வருடம் முழுக்க உதிரும். தினமும் முற்றம் கூட்டுவது பெரிய வேலை இல்லை. கூரைத் தண்ணீர் ஓடும் பீலிதான் வில்லங்கம். இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். வைகாசி மழைக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும் நானே ஏணி வைத்து ஏறிக் கையால் அள்ளுகிறேன். பழக்காலத்தில் கருநீலக் கொத்துகளுக்குப் பகலில் குயில் வரும், இரவில் வௌவால் வரும். காலையில் கொடியில் கிடக்கும் உடுப்பெல்லாம் கறை. அந்த மாதம் அம்மா கொடியைப் பின்பக்கம் மாற்றிவிடுவார்.

ஒருமுறை தளிரைப் புழு தின்கிறது என்று மருந்தடிக்கப் போனேன். செம்பு நிறத்தில் மினுங்கும் இளம் இலைகளில் பாதி இல்லை. இலையைத் திருப்பினால், அடியில் பச்சை நிறக் கூட்டுப்புழு ஒன்று முதுகில் சின்னக் கொம்போடு நூலில் சாய்ந்திருந்தது. மருந்துப் போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். சில நாளில் கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகளோடு வண்ணத்துப்பூச்சி வந்தது. ஓரிடத்தில் நில்லாது, தேன் குடிக்கும்போதும் சிறகு துடித்துக்கொண்டே இருக்கும். அதன் பிறகு இந்த மரங்களுக்கு மருந்தே அடித்ததில்லை.

குசினித் திரைச்சீலையைக் கழற்றி மூன்று வருடமாகிறது. நுனி வெட்டின மரத்தை மட்டும் இந்த ஐப்பசியில் எடுத்துவிட்டு, கம்பி போகாத பின்மூலையில் புதுக் கன்று வைக்கப் போகிறேன். பொச்சுமட்டையை இப்போதே வாளியில் ஊறப் போட்டாயிற்று.