பழைய பிக்கப்பின் பின் ஸ்பிரிங் ஹேங்கர்கள்: வீட்டுக் களத்தில் பற்றவைத்து, சில ஆண்டுகள் பாரம் ஏற்றி ஓட்டிய அனுபவம்

காங்கயம், வெள்ளகோவில், பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய பிக்கப் வண்டிகளை அடியில் குனிந்து பார்த்தால், எஞ்சின் நன்றாக இருக்கும்போதே சேசிஸின் பின்பகுதி துருவேறிக் கரைந்து வருவதைக் காணலாம். இதற்குக் காரணம் வண்டியின் வயது மட்டுமல்ல. நம் பகுதியில் இந்த வண்டிகள் சுமக்கும் பாரமும் ஒரு காரணம். என்னிடம் உள்ள வண்டி தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. என் கைக்கு வருமுன் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றியது. என்னிடம் வந்த பிறகு தேங்காய்ப் பருப்பும் கோழி எருவும் ஏற்றுகிறது. சிந்திய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். கோழி எருவிலோ உப்புகளோடு அமோனியாவும் இருக்கிறது. பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறும் எருத்தூளும் ஹேங்கருக்கும் (ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு பிடித்து வைக்கும் இரும்புத் தாங்கி) சேசிஸ் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் போய் அப்பிக்கொள்கின்றன. மேலே எவ்வளவு தண்ணீர் அடித்துக் கழுவினாலும் அந்த இடுக்கு கழுவப்படுவதில்லை.

பின் அச்சின் நான்கு ஹேங்கர்களையும் 2021 கோடையில் வீட்டிலேயே அறுத்தெடுத்துப் புதியவற்றைப் பற்றவைத்தேன். அதன் பிறகு பல மழைக்காலங்கள் கடந்து, வண்டி வழக்கமான பாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இதே வேலையை எண்ணிப் பார்க்கும் தோட்டக்காரர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் உதவும் என்பதால், செய்த முறையையும் அது தாங்கிய விதத்தையும் எழுதுகிறேன்.

முதலில் ஹேங்கர் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங் வைத்த வண்டியில் அச்சைத் தன் இடத்தில் நிறுத்தி வைத்திருப்பதே அந்தப் பட்டைக்கட்டுதான். சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசையும், பிரேக் பிடிக்கும்போது எதிர்த்திசையில் எழும் விசையும் பட்டையின் முன்கண் (முன்முனையில் சுருட்டிய வளையம்) வழியாக முன் ஹேங்கருக்குப் போய், அங்கிருந்து சேசிஸுக்கு ஏறுகின்றன. பின்முனையில் உள்ள ஹேங்கரில் சேக்கிள் என்னும் ஆடும் இணைப்பு தொங்குகிறது. பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடுவதால், அந்த முனை நகர இடம் வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. ஆகவே பின் ஹேங்கர் பெரும்பாலும் எடையைத் தாங்குகிறது. முன் ஹேங்கர் எடையோடு இழுப்பையும் தள்ளலையும் சேர்த்துத் தாங்குகிறது. ஓடும்போது ஒரு பக்கத்து முன் ஹேங்கர் பிய்ந்தால் அச்சு கோணலாகப் பின்னே போகும், பிரேக் ஹோஸ் இழுபடும், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தன் ஸ்பிளைன் என்னும் பல் இணைப்பிலிருந்து கழன்றுவிடவும் கூடும். துரு அதிகம் பிடிப்பது பின் ஹேங்கரில் என்றாலும், நான் அதிகக் கவனம் செலுத்தியது முன் ஹேங்கரில்தான்.

இந்த வேலையை எல்லா வண்டியிலும் செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கனரக லாரிகளின் சேசிஸ் உறுதி கூடிய எஃகால் ஆனது. அதில் ஹேங்கர்களை ரிவிட்டாலோ போல்ட்டாலோ இணைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பற்றவைக்கும் சூடு அந்த எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும் என்பதால், சட்டத்தின் மேல்கீழ் மடிப்புகளில் வெல்டிங் செய்வதையும் துளை போடுவதையும் லாரி நிறுவனங்கள் தங்கள் பாடி கட்டும் கையேடுகளில் தடுத்திருக்கின்றன. என் வண்டியில் தொழிற்சாலையிலேயே ஹேங்கர்களை மென்எஃகுச் சட்டத்தில் பற்றவைத்திருந்தார்கள். அதனால்தான் நானும் பற்றவைத்தேன். அதே அளவு, அதே துளை, அதே இடம் என்று மூல வடிவத்தை மாற்றாமல் வைத்ததற்கும் காரணம் உண்டு. நிறுவனம் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சொல்கிறது.

வேலையைத் தொடங்குமுன், சங்ககிரியில் வாழ்நாள் முழுவதும் லாரி வெல்டிங் செய்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் வண்டிக்கடியில் படுத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வெல்டிங் ராடைப் பற்றிச் சொன்னது இதுதான்: "ராடு எங்க வேணாலும் புடிக்குமுங்க தம்பி. அது புடிச்ச தகடு லோடு தாங்கோணுமில்லீங்க." இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். வெல்டிங் மணி (உருகி உறைந்த இரும்பு வரி) அழகாக விழுந்திருப்பதைப் பார்த்து நிறைவடைபவர்கள் பலர். அதன் ஓரத்துக்கு அரை அங்குலம் தள்ளி இருக்கும் பழைய தகடு எவ்வளவு கனத்தில் மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் ஹேங்கர் பிய்வது வெல்டில் அல்ல, அந்த ஓரத்தில்.

நல்ல தகடு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே மற்ற எல்லா வேலைகளையும் விட அதிக நேரம் செலவிட்டேன். உருண்டைத்தலைச் சுத்தியலால் தட்டும்போது கனமான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடங்களில் கம்பி பிரஷ் சக்கரம் கொண்டு பெயிண்டையும் துருப்பொருக்கையும் முழுவதும் நீக்கி, அகற்றப்படவிருந்த பகுதிக்குள் சிறு துளைகள் போட்டு, வெர்னியரால் கனம் அளந்தேன். மூலக் கனம் 4 மில்லிமீட்டர். மூன்று ஹேங்கர்களின் அடியில் அது ஏறக்குறைய அப்படியே இருந்தது. இடது பின் ஹேங்கருக்குப் பின்னால் மட்டும் பாதிக்கும் கீழே போயிருந்தது. அந்த இடத்தில் பட்டி ஒட்டுவதுபோல் மேலே ஒரு தகட்டை வைத்து மூடுவது எளிது, ஆனால் உள்ளே துரு தொடர்ந்து தின்னும். ஆகவே அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் ஒரு துண்டைப் பொருத்தி முனையோடு முனை பற்றவைத்து, அதன்மேல் இரு முனையும் சாய்சதுரமாகக் கூர்ந்த ஒரு வலுத்தகட்டை வைத்தேன். தகட்டின் முனை சட்டத்துக்குச் செங்குத்தாக நின்றால் வளைவு விசை முழுவதும் ஒரே கோட்டில் வந்து சேரும். சாய்வாக இருந்தால் சிறிது சிறிதாகப் பரவும்.

வெட்டுவதற்கு முன் அளவெடுத்துக்கொள்வது அவசியம். இதற்கு எங்கள் தேங்காய்ப் பருப்பு காயும் சிமெண்ட் களம் மிகவும் உதவியது, ஏனென்றால் அதைவிடச் சமமான தரை வீட்டில் இல்லை. வண்டியை ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தி, முன் அச்சின் பட்டையை ஹேங்கரில் கோக்கும் பின்களிலிருந்தும் பின் ஹேங்கர்களின் துளைகளிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, களத்தில் புள்ளிகளைக் கீறி வைத்துக்கொண்டேன். குறுக்கு மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருந்தால்தான் பின் அச்சு நேராக நிற்கும். இல்லாவிட்டால் வண்டி சாலையில் பின்பக்கத்தைக் கோணலாக இழுத்துக்கொண்டு ஓடும், டயரும் சீக்கிரம் தேயும். பழைய ஹேங்கர்களைக் கேஸ் கட்டிங்கில் எடுக்காமல், கிரைண்டரில் மெல்லிய சக்கரம் போட்டு வெல்டை மட்டும் அறுத்தேன். சட்டத்தில் சக்கரம் இறங்கிக் கீறல் விழுந்தால் அதுவே நாளைய விரிசலுக்குத் தொடக்கம் என்பதால், கடைசி மெல்லிய படலத்தை உளியால் பெயர்த்து அரத்தால் தேய்த்துச் சமன் செய்தேன்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராமங்களில் சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது வீட்டுக் கரண்டின் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. அப்போது இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினில் ஆம்பியர் காட்டும் எண் ஒன்றாகவும், உண்மையில் உருகும் ஆழம் வேறாகவும் இருக்கும். மேலே மணி ஒட்டியிருக்கும், அடியில் உருகியிருக்காது. எனவே மோட்டார்கள் நின்ற நேரத்தில் மட்டும் முழு வெல்டிங் செய்தேன். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தவிர்த்து, மெயின் போர்டிலிருந்து தனி பிரேக்கரோடு தடித்த கேபிளை இழுத்தேன்.

பயன்படுத்திய வெல்டிங் ராடு 3.15 மில்லிமீட்டர் தடிமனில், 7018 என்ற வகை. முதல் இரண்டு எண்கள் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை உறுதியைக் குறிப்பவை. கடைகளில் எல்லோரும் கேட்கும் 6013-இல் அது 60,000. மென்எஃகுக்கு 6013-உம் போதுமானதே, கையாளவும் எளிது. ஆனால் அதிர்வும் வளைவும் ஓயாத இடத்தில் 7018-இன் இளக்கம் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஆனால் அது ஈரத்தைப் பொறுக்காது. திறந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்த ராடை மீண்டும் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த வெப்பத்தை எட்டும் அடுப்பு வீட்டில் இருக்காது. காற்று நீக்கி அடைத்த சிறிய பாக்கெட்டுகளாக வாங்கி, அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் பிரித்தேன்.

பற்றவைக்குமுன் டீசல் டேங்கைக் கழற்றித் தூர வைத்தேன். பிரேக் குழாய்களையும் ஒயரிங்கையும் விலக்கிக் கட்டினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றினேன். எர்த் கிளாம்ப்பை வெல்டுக்கு அருகிலேயே, பளபளப்பாகத் தேய்த்த இரும்பில் மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங்குகள் வழியே பாய்ந்து அவற்றில் பொத்தல்களை உண்டாக்கும். எண்ணெய் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது, ஏனென்றால் வெல்டிங் ஒளியும் சூடும் பட்டால் அது பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவாக மாறும். காய்ந்த தென்னை மட்டைகளைக் களத்தைச் சுற்றி அகற்றியதும், மணல் வாளியைப் பக்கத்தில் வைத்ததும் சொல்லாமலே விளங்கும்.

ஹேங்கர்களை முதலில் புள்ளி வெல்டில் நிறுத்தி, பட்டைக்கட்டை அதன் பின்னைப் போட்டு மாட்டி, களத்துப் புள்ளிகளோடு மறுபடி ஒத்துப்பார்த்த பிறகே, ரப்பர் புஷ்களை வெளியே எடுத்துவிட்டு முழுதாகப் பற்றவைத்தேன். ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை முடித்தால் சட்டம் இழுத்துக்கொள்ளும்; ஆகவே விரல் நீள மணிகளாக இடமும் வலமும் மாற்றி மாற்றி இட்டு, ஒவ்வொன்றின் கசடையும் தட்டிப் பிரஷ் செய்தேன். செங்குத்து மணிகளைக் கீழிருந்து மேலாக இட்டேன். சட்டத்தின் மடிப்பு விளிம்பைத் தொடாமல் முன்னதாகவே மணியை நிறுத்தினேன். தண்ணீர் ஊற்றி ஆற்றவில்லை. வெட்டிப் பொருத்திய துண்டின் இணைப்பில் ஒரு பக்கம் சுண்ணாம்புக் குழம்பு பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தேன். எங்காவது துளை இருந்தால் வெண்மையில் ஈரக்கறை தெரிந்துவிடும். கறை வரவில்லை. ஹேங்கர் மணிகளின் மேற்பரப்பை, சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்து வெள்ளைப் பொடி அடிக்கும் பெனட்ரன்ட் சோதனையில் பார்த்தேன். பிறகு துத்தநாகம் மிகுந்த பிரைமர், அதன்மேல் சேசிஸ் கறுப்பு, இடுக்குகளில் சீலன்ட், உட்பக்கத்தில் மெழுகுப் பூச்சு.

இனி ஓட்டிய அனுபவம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், பட்டைக்கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட் நட்டுகளை மீண்டும் முறுக்கியபோது அவை சற்றே இடம் கொடுத்தன. புதுப் பட்டைக்கட்டு படிவதால் எல்லா வண்டியிலும் இது நடக்கும், ஆகவே தவறவிடக் கூடாது. பழைய யு போல்ட்டுகளை மறுபடி போடுவதையும் நான் ஏற்பதில்லை. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தின்மேல் நின்ற பிறகே இறுக்கியதால், புஷ் முறுகிக் கிழியாமல் நீண்ட நாள் உழைத்தது. பின் டயர்கள் இருபுறமும் ஒரே சீராகத் தேய்கின்றன. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பு கேட்ட சத்தம் முற்றிலும் நின்றது. ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தாலும் வண்டி பக்கம் இழுப்பதில்லை.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அடியில் படுத்து மணிகளின் முனைகளை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். விரிசல் தொடங்கினால் இரும்பு பிளப்பது கண்ணுக்குத் தெரியுமுன் பெயிண்டில் முடியிழை போன்ற கோடும், அதிலிருந்து பழுப்புத்தூள் வடிந்த தடமும் தெரியும். முன் ஹேங்கர்களில் இதுவரை அப்படி எதுவும் இல்லை. இடது பின்பக்கத்து வலுத்தகட்டின் கீழ்விளிம்பில் மட்டும் ஒரு மழைக்குப் பின் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. சுரண்டிப் பார்த்தபோது மேல்துரு மட்டுமே. சீலன்ட்டைப் புதுப்பித்துப் பெயிண்ட் அடித்தேன், மறுபடி வரவில்லை. இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எந்த இடமும் இப்படிக் கவனிப்பைக் கேட்கும்.

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிகளுக்கு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருப்பதால் இந்த வேலை ஒவ்வொரு முறையும் பிறர் கண்ணிலும் படுகிறது. ஹேங்கரைப் பற்றி இதுவரை எந்தக் கேள்வியும் எழவில்லை.

ஹேங்கர் புதிதாக இருக்கிறது, இன்னொரு பட்டை சேர்த்துப் பாரத்தைக் கூட்டலாமே என்று பலர் சொல்கிறார்கள். பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் கூடிய பாரம் அதே ஹேங்கர் வழியாக அதே பழைய 4 மில்லிமீட்டர் சட்டத்தில்தான் இறங்குகிறது. அதனால் நான் சேர்க்கவில்லை. கோழி எரு ஏற்றிய நாள்களில், இறக்கிய அன்று மாலையே, ஹேங்கர் இடுக்குகளுக்குள் நேராகக் குழாயைச் செருகித் தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் சட்டம் நன்றாகக் காய்ந்தபின் மெழுகுப் பூச்சைப் புதுப்பிக்கிறேன். ஈரத்தின்மேல் அடித்தால் அது துருவை உள்ளே அடைத்து வைத்ததாகிவிடும்.