பினக்கல்@டக்ஸ்டன்: 50 மாடிக் கழக வீடுகள் எப்படி இருக்கின்றன?

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் போகிற யார் கண்ணுக்கும் பினக்கல்@டக்ஸ்டன் தப்பாது. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகள் இவை. கெண்டோன்மண்ட் சாலையில் 1ஏ முதல் 1ஜி வரை ஏழு புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்), ஒவ்வொன்றும் 50 மாடி, மொத்தம் 1,848 வீடுகள். இத்தனையும் வெறும் இரண்டரை ஹெக்டேரில். பத்து மாடிப் பழைய கழகக் கட்டடங்கள் இரண்டு நின்ற இடம் இது. 2001இல் அறிவித்த பன்னாட்டு வடிவமைப்புப் போட்டிக்கு 227 திட்டங்கள் வந்தன. வென்றது ஆர்க் ஸ்டூடியோ என்ற உள்ளூர் நிறுவனம். அது ஆர்எஸ்பி என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து வரைந்ததை வீவக 2009இல் கட்டி முடித்தது. பொது வீடமைப்பில் இவ்வளவு யோசித்துக் கட்டிய இடம் அரிது. ஆனாலும் வாங்கப் போகிறவரும் சுற்றிப் பார்க்கப் போகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டிய குறைகள் இதில் இருக்கின்றன.

முதலில் பாலங்கள். 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு பாலங்கள் ஏழு புளோக்கையும் கோத்து, ஒவ்வொரு மட்டத்திலும் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கின்றன. அழகுக்காக ஒட்டவைத்தவை அல்ல இவை. தீப்பிடித்து ஒரு புளோக்கின் படிக்கட்டில் புகை சூழ்ந்தால், பால மட்டத்துக்கு வந்து அடுத்த புளோக் வழியாக இறங்கலாம். வெளிச்சுவரைக் கழுவவும் பூசவும் தேவைப்படும் தொங்குதொட்டி இயந்திரத்தையும் புளோக்குக்கு ஒன்றாக வாங்கி வைக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டடத்துக்காரரைப் பார்க்கத் தரைக்கு இறங்கி மறுபடி மின்தூக்கிக்குக் காத்து நிற்கும் வேலையும் மிச்சம்.

இந்த வகைப் பாலத்தில் கவனிக்க வேண்டிய இடம் இரு முனைகள்தான். இரண்டு கோபுரங்கள் காற்றில் ஒரே மாதிரி அசைவதில்லை, வெயிலில் ஒரே அளவு விரிவதும் இல்லை. அதனால் பாலத்தை இரு பக்கமும் இறுக்கிக் கட்ட முடியாது. நகர இடம் விட்டாக வேண்டும். அந்த இணைப்பு இடைவெளியை மூடும் ரப்பரும் தகடும்தான் முதலில் தேயும், மழைநீரும் அங்கேதான் முதலில் கசியும். பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று அறிய விரும்பினால், செடியைப் பார்ப்பதை விட இந்த இணைப்புகளைப் பாருங்கள்.

புளோக்குகளை நிறுத்திய விதம் பாராட்டத்தக்கது. நேர் வரிசையில் வைக்காமல் கொக்கி போல வளைத்து நிறுத்தியிருப்பதால் எதிர்வீட்டுக் கூடத்தை எட்டிப் பார்க்கும் தொல்லை குறைவு, நடுவே காற்றும் போகிறது. இருந்தாலும் பூமத்திய ரேகையிலிருந்து ஒரு பாகை தூரமே உள்ள ஊர் இது. மேற்கு பார்த்த அறையில் பிற்பகல் வெயில் சுவர் வரை ஏறும். வீடு பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாமல் மாலை நான்கு மணிக்குப் போங்கள். மேல் மாடி என்றால் சாலைச் சத்தம் இருக்காது என்று நம்பிவிடவும் வேண்டாம். சத்தம் மேலே ஏறும். ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வீடுகள் நான்கறை, ஐந்தறை என இரு வகை. கழகக் கணக்கில் கூடமும் ஓர் அறை என்பதால் நான்கறை என்றால் மூன்று படுக்கையறை. பரப்பு ஏறக்குறைய 93 முதல் 108 சதுர மீட்டர். முன்வார்ப்புக் கான்கிரீட் கட்டுமானம், அதாவது பாகங்களை முன்பே வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவது. வீட்டுக்குள் தூணும் உத்தரமும் துருத்தாததால் அறைகளை மாற்றியமைக்க வசதி அதிகம். இதுதான் உட்புறத்தின் பெரிய பலம். ஆனால் எந்தச் சுவரை இடிப்பதற்கும் கழக அனுமதி வேண்டும், பாரம் தாங்கும் சுவரைத் தொடவே கூடாது.

முகப்பு ஒரே மாதிரி இல்லாமல் இருப்பதற்குக் காரணம் பால்கனி, துருத்து ஜன்னல் (சுவருக்கு வெளியே தள்ளி நிற்பது), செடிமாடம் (செடி வளர்க்கும் தொட்டி) போன்ற சில வார்ப்பு அலகுகளை மாற்றி மாற்றி அடுக்கியதுதான். தூரத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்கிறது. குடியிருப்பவருக்கோ எந்த அலகு வாய்த்தது என்பதே பெரிய விஷயம். பால்கனி கிடைத்தால் நல்லது. துருத்து ஜன்னலில் அலமாரி நிற்காது, திரைக்கம்பியையும் வளைத்துப் போட வேண்டும். செடிமாடத்தில் வேர் போய் வடிகால் துளையை அடைத்தால் நீர் தேங்கும். டெங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். பிடிக்கவில்லை என்று அதை மூடி அறையோடு சேர்க்கவும் முடியாது, முகப்பை மாற்ற அனுமதி கிடையாது.

2004இல் விற்பனைக்கு விட்டபோது விலை 289,200 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 439,400 வெள்ளி வரை. இன்று மறுவிற்பனையில் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டியவை பல. 99 ஆண்டுக் குத்தகை என்பதையும், இன ஒதுக்கீட்டு வரம்பு (ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தாருக்கும் இத்தனை வீடுதான் என்ற வரையறை) அந்தந்த புளோக்கில் நிரம்பியிருக்கிறதா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தோட்டங்களைப் பற்றித்தான் மனக்குறை. ஓட்டப்பாதையும் உடற்பயிற்சி இடமும் உள்ள 26ஆம் மாடி குடியிருப்போருக்கு மட்டும். வெளியாட்கள் 6 வெள்ளி கட்டி 50ஆம் மாடிக்குப் போகலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. அங்கே ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் சைனாடவுனின் ஓட்டுக்கூரைகள் என்று காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் மேலே வேறு மாடி இல்லாததால் நிழலும் இல்லை. நண்பகலில் தரை கொதிக்கும். பத்து நிமிடம் உட்கார முடியாது. நீள் பந்தலும் கொடியும் போட்டிருந்தால் அந்த 500 மீட்டரும் நாள் முழுக்கப் பயன்படும். இப்போதைக்கு மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள், காற்றில் பறக்கக்கூடியதைக் கையில் கொண்டுபோகாதீர்கள்.