மோட்டேகி ஹோண்டா கலெக்‌ஷன் ஹால்: இன்ஜின் பைத்தியங்கள் போக வேண்டிய இடம்

ஜப்பானின் டோச்சிகி மாநிலத்தில், மோட்டேகி ரேஸ் டிராக் வளாகத்துக்குள்ளேயே இந்த அருங்காட்சியகம் இருக்கிறது. கார்கள், ரோபோ என்று நிறைய உண்டு. லேத் பட்டறைக்காரனான நான் போனது 1960களின் கிராண்ட் பிரிக்ஸ் பைக்குகளுக்காக.

ஆர்.சி.142-இல் ஆரம்பியுங்கள். 125 சிசி, இரட்டை சிலிண்டர். பிரிட்டனுக்குப் பக்கத்துத் தீவான ஐல் ஆஃப் மேனில் நடக்கும் டிடி என்ற சாலைப் பந்தயத்துக்கு, 1959-இல் ஹோண்டா முதன்முதலாகக் கொண்டுபோன வண்டி இதுதான். அதை ஓட்டிய நவோமி தனிகுச்சி ஆறாவதாக வந்தார், டீம் பரிசும் கிடைத்தது. 1961-இல் அதே தீவில் பிரிட்டிஷ் வீரர் மைக் ஹெயில்வுட் ஹோண்டாவில் 125, 250 சிசி இரண்டு பிரிவுகளையும் ஜெயித்துவிட்டார்.

அப்புறம் ஆர்.சி.166. இங்கே அவசரப்படாதீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில், இன்ஜின் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் சிலிண்டருக்குள் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். யமஹாவின் டூ ஸ்ட்ரோக்கில் ஃபில் ரீட் 1964-இல் 250 சிசி உலகப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். ஃபோர் ஸ்ட்ரோக்கை வைத்திருந்த ஹோண்டாவுக்கு ஈடுகொடுக்க இருந்த வழி, இன்ஜினின் சுற்று வேகத்தை ஏற்றுவது. அதற்கு பிஸ்டன் சிறியதாக, லேசாக இருக்க வேண்டும். அதனால்தான் 250 சிசிக்குள் ஆறு சிலிண்டர், 24 வால்வு. நிமிடத்துக்கு 18,000 சுற்று, 60 குதிரைசக்திக்கு மேல். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் நம் பட்டறைகளை எட்டிப் பார்க்காத காலத்தில் இத்தனை சின்ன வால்வுகளை இவ்வளவு துல்லியமாகச் செய்தவர்களின் கைகளை நினைத்தால் எனக்குப் பேச்சே வரவில்லை. 1966-இல் இந்த ஆறு சிலிண்டர் வண்டியில்தான் ஹெயில்வுட் 250 பட்டம் வென்றார்.

அதே ஆண்டு லூயிஜி தவேரிக்கு 125 பட்டம் வாங்கித் தந்த ஆர்.சி.149 இன்னும் ஒரு படி மேலே: ஐந்து சிலிண்டர், ஒவ்வொன்றும் 25 சிசி, அதாவது ஐந்து டீஸ்பூன் அளவு. 20,500 சுற்று! ஹோண்டா படைத்ததிலேயே துணிச்சலான இன்ஜின் இதுதான் என்பேன். 1979-இன் ஓவல் (நீள்வட்ட) பிஸ்டன் கொண்ட ஹோண்டா என்.ஆர்.500 கூட எனக்கு இதற்கு அடுத்துதான்.

இங்கே பல வண்டிகளை ஓடும் நிலையிலேயே பராமரிக்கிறார்கள். டிராக்கில் ஓட்டிக் காட்டும் நாள் உங்கள் பயணத்தோடு ஒத்துவருமா என்று முன்கூட்டியே பாருங்கள். அந்த ஆறு சிலிண்டரின் சத்தத்துக்காகவே தேதியை மாற்றலாம்.

ரயிலில் வந்தால் மோஓகா பாதையின் கடைசி நிலையமான மோட்டேகியில் இறங்க வேண்டும். வளாகம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை. கார் எடுப்பதே நல்லது. இது ஹோண்டா பக்கத்துக் கதைதான். டூ ஸ்ட்ரோக் பக்கத்தையும் பார்க்க வேண்டுமென்றால் ஹமாமட்சுவில் சுசுகி, இவாட்டாவில் யமஹா அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.