பழுப்பு நிலக்கரிப் புகை: நுண்துகளைப் பிடிப்பது எது?

இந்தியாவின் பல அனல் மின் நிலையங்களில் சாம்பலைப் பிடித்து நிறுத்தும் மின்நிலை வீழ்படிவிகள் ராணிப்பேட்டையிலுள்ள பொதுத்துறை நிறுவனமான பெல் (BHEL) தொழிற்சாலையில் உருவானவை. தொழிலில் இருப்பவர்கள் அவற்றைச் சுருக்கமாக இ.எஸ்.பி. என்பார்கள். அந்த அளவுக்குத் தூசி பிடிக்கும் கலை தெரிந்த வட்டாரம் இது. ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கே தோல் ஆலையின் ஒரு சிறு பாய்லரைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "ஒரு சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கூம்பு) மாட்டினால் போதும்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. எரிபொருள் பழுப்பு நிலக்கரி என்றால் அந்தப் பதில் போதாது.

பழுப்பு நிலக்கரிக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. நெய்வேலியில் வெட்டியெடுப்பதில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். சாம்பலோ பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்தை ஒட்டியே இருக்கும். ஒடிசாவிலிருந்து வரும் கறுப்பு நிலக்கரியில் சாம்பல் நூற்றுக்கு நாற்பதைக்கூடத் தொடும். கிடைக்கும் வெப்பத்தின் அளவை வைத்துக் கணக்கிட்டாலும், பழுப்பு நிலக்கரி தரும் சாம்பல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். "ஆகவே இது சுத்தமான எரிபொருள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். நம் நுரையீரலுக்குள் ஆழமாகப் போவது கரடுமுரடான சாம்பல் அல்ல. சோடியம், பொட்டாசியம் போன்றவை உலையின் சூட்டில் ஆவியாகி, புகை குளிரும்போது மீண்டும் உறைந்து, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களாகின்றன. கந்தகம் வாயுவாக வெளியேறி, காற்றில் மிதக்கும்போது சல்பேட் துகளாக மாறுகிறது. சாம்பல் குறைந்தால் இவை இரண்டும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதில்லை.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஒரு மைக்ரான் துகள்கள் ஆயிரம் தேவை. விற்பனையாளர் "நூற்றுக்கு 90 பிடிக்கும்" என்பது எடைக் கணக்கு. எடையெல்லாம் பெரிய துகள்களில் இருப்பதால், நுண்துகளை அப்படியே வெளியே விட்டுவிட்டும் அந்த எண்ணை எட்டிவிடலாம். கருவிகளை ஒப்பிடும்போது 2.5 மைக்ரானுக்குக் கீழே எவ்வளவு பிடிக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

சைக்ளோனை விரைவாகக் கடந்துவிடலாம். புகையைச் சுழற்றி, கனமான துகளைச் சுவரில் மோதவிட்டு விழவைக்கும் கூம்பு அது. விலை மலிவு, நகரும் பாகம் இல்லை, சூட்டுக்கு அஞ்சாது. பத்து மைக்ரானுக்கு மேல் நன்றாகப் பிடிக்கும். நுண்துகளோ காற்றோடு காற்றாகச் சுழன்று வெளியே போய்விடும்.

தண்ணீர் தெளித்துக் கழுவும் ஸ்கிரப்பர் அடுத்தது. கந்தகத்திலும் கொஞ்சத்தைக் கரைத்துக்கொள்ளும் என்பது அதன் பலம். ஆனால் நுண்துகளைப் பிடிக்க வேண்டுமானால் புகையை மிகுந்த அழுத்தத்தில் குறுகிய கழுத்தின் வழியே தள்ள வேண்டும், மின்செலவு ஏறும். அதைவிடப் பெரிய மறுப்பு பாலாறு. தோல் கழிவால் இந்த ஆற்றுப் படுகை பட்ட பாடு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட படுகையில், காற்றில் இருக்கும் அழுக்கை அமிலத் தண்ணீராக மாற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

உண்மையான போட்டி இ.எஸ்.பி.க்கும் பை வடிகட்டிக்கும் இடையில்தான்.

இ.எஸ்.பி.யில் கம்பிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்துத் துகள்களுக்கு மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். அவை எதிரே இருக்கும் தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன; சுத்தியல் தட்டும்போது கீழே விழுகின்றன. புகையின் பாதையில் தடை மிகக் குறைவு என்பதால் விசிறிக்கு மின்சாரம் அதிகம் வேண்டாம். பழுப்பு நிலக்கரிக்கு இது இயல்பாகவே பொருந்தும்: புகையிலுள்ள ஈரமும் கந்தகமும் தூசியின் மின்தடையைக் குறைத்து, தகட்டில் படிவதை எளிதாக்குகின்றன. கந்தகம் குறைந்த இந்தியக் கறுப்பு நிலக்கரியில் இந்தச் சாதகம் கிடையாது. ஒரே சீராக, நாள் முழுவதும் ஓடும் பெரிய மின் நிலையத்துக்கு இ.எஸ்.பி. தகுந்த தேர்வு என்றே சொல்வேன்.

குறை எங்கே? 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்கள் மின்னூட்டத்தைச் சரியாக ஏற்பதில்லை; இ.எஸ்.பி.யின் பிடி தளர்வது துல்லியமாக அந்த அளவில்தான். புகையின் வேகம் கூடினால் திறன் குறையும். தோல் ஆலையின் பாய்லரோ ஒரே சீராக ஓடுவதில்லை. சுடுநீருக்கும் உலர்த்தலுக்கும் ஏற்பச் சுமை ஏறி இறங்கும். சிறிய உலையில் கரி முழுதாக எரியாமல் போவதும் சகஜம். அந்த எரியாத கரித்துகள் தகட்டைத் தொட்டவுடனே மின்னூட்டத்தை இழந்து மறுபடியும் புகையில் கலந்துவிடும்.

பை வடிகட்டி நம் வீட்டு வெற்றிடத் துடைப்பானின் பை போன்றதுதான். ஆனால் துகளைப் பிடிப்பது துணி மட்டுமல்ல, அதன்மேல் படியும் தூசிப் படலமே பாதி வேலையைச் செய்கிறது. அதனால் சுமை ஏறினாலும் இறங்கினாலும் திறன் பெரிதாக மாறாது. ஒரு மைக்ரானுக்குக் கீழேயும் நூற்றுக்கு 99-க்கு மேல் பிடிக்கும். ஈடாக, விசிறி 100 முதல் 150 மில்லிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்தை வென்றாக வேண்டும். மின்கட்டணத்தில் அது தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பைகளையும் மாற்ற வேண்டும்.

பழுப்பு நிலக்கரி பைகளைச் சோதிக்கும் எரிபொருள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. புகையில் அவ்வளவு ஈரம். கொஞ்சம் குளிர்ந்தால் போதும், தூசி சேறாகிப் பையை அடைத்துவிடும். கந்தக அமிலமும் நூறு டிகிரிக்கு மேலேயே படியத் தொடங்கும். மலிவான பாலியெஸ்டர் துணி சூடான ஈரப் புகையில் இற்றுப்போகும். சூட்டையும் ஈரத்தையும் தாங்கும் பி.பி.எஸ். என்ற செயற்கை இழையாலான பையே வேண்டும். தீப்பொறி விழுந்தால் துளை உறுதி, ஆகவே பைக்கு முன்னால் ஒரு சைக்ளோன் நிற்க வேண்டும். சைக்ளோனுக்கு உரிய இடம் அதுதான். சிறு பாய்லருக்கு என் தேர்வு, செலவை அறிந்தே சொல்கிறேன், சைக்ளோனும் பை வடிகட்டியும் சேர்ந்த அமைப்பு.

இதற்குச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா? 2017 ஜனவரி முதல் அமையும் அனல் மின் நிலையத்துக்கு ஒரு கன மீட்டர் புகையில் 30 மில்லிகிராம் தூசிதான் வரம்பு. மணிக்கு இரண்டு டன்னுக்குக் கீழ் நீராவி தரும் பாய்லருக்கு மத்திய விதிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த வரம்பு 1200. இரண்டுமே மொத்தத் தூசியின் எடையை அளப்பவை. நுண்துகளைத் தனியே கேட்பதில்லை. மின் நிலையத்தின் புகைபோக்கி வானுயரத்தில் இருக்கிறது, ஆலையின் புகைபோக்கியோ குடியிருப்புக்கு நடுவில் நிற்கிறது. மூச்சுவிடும் பிள்ளைக்கு எது அருகில் என்று பார்த்தால் இந்த வரம்புகள் தலைகீழாக இருக்கின்றன.

இ.எஸ்.பி.யும் பை வடிகட்டியும் கந்தக வாயுவைப் பிடிக்காது என்பதால், இரண்டில் எது இருந்தாலும் சல்பேட் துகள் பின்னால் உருவாகத்தான் செய்யும். உலையிலேயே சுண்ணாம்புக்கல் சேர்ப்பது அதில் ஒரு பகுதியைக் குறைக்கும்.

பை வடிகட்டி பொருத்திய ஆலைக்குப் போகிறவர்கள் இரண்டைப் பார்க்கலாம். ஒன்று, பைகளைத் தவிர்த்துப் புகையை நேரே புகைபோக்கிக்கு அனுப்பும் மாற்றுவழிக் கதவு. பாய்லரைப் பற்றவைக்கும்போது ஈரத்துக்கு அஞ்சி அதைத் திறப்பார்கள். சூடேறிய பிறகும் மூட மறந்தால் பைகள் இருந்தும் பயனில்லை. மற்றொன்று, பைகளின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானி. அது திடீரென்று இறங்கியிருந்தால் ஏதோ ஒரு பை கிழிந்திருக்கிறது. அன்றைக்கே மாற்ற வேண்டும்.