கோபாட் வாங்கி எட்டு மாதம்: யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

கோவையில் மோனோபிளாக் பம்பு அசெம்பிள் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது, நான் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கோபாட் வாங்கினோம், அதாவது வேலி போடாமல் ஆளுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் ரோபோ கை. ரோபோ எந்தக் கம்பெனி, நிறுவிக் கொடுத்த இன்டக்ரேட்டர் யார் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. மெஷின் நல்ல மெஷின்தான். நான் எழுத வந்தது அதைக் கொண்டுவந்து எங்கள் ஆளோடு சேர்த்துவிட்ட விதத்தைப் பற்றி.

வேலை இதுதான். ஸ்டேஷனில் இருக்கும் அக்கா (14 வருஷ அனுபவம், எனக்கே வேலை சொல்லிக் கொடுத்தவர்) கேஸ்கெட்டை (ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் தகடு) உட்கார வைத்து, கேஸிங்கை, அதாவது பம்பின் வெளிக்கூட்டை, மேலே பொருத்தி, நான்கு போல்ட்டையும் கையால் இரண்டு சுற்றுப் பிடிக்க விடுவார். கோபாட் நட் ரன்னரோடு (போல்ட் முடுக்கும் கருவி) இறங்கி நான்கையும் எதிரெதிராக, குறித்த டார்க்குக்கு, அதாவது குறித்த முறுக்கு விசைக்கு, இறுக்கும். அந்த நேரத்தில் அக்கா அடுத்த கேஸிங்கின் முகத்தைத் துடைத்து, கேஸ்கெட்டை எடுத்து ரெடியாக வைத்துக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டெமோவில் பார்க்க இன்னும் நன்றாக இருந்தது, ஏனென்றால் டெமோ நடந்தது அவர்கள் இடத்தில், அவர்கள் மேஜையில், அந்தப் புரோகிராமை எழுதிய பையனே எதிரில் நின்று செய்து காட்டினான். அடுத்து அது எங்கே போகும், எப்போது திரும்பும் எல்லாமே அவனுக்குத் தெரியும்!

எங்கள் இடத்தில் மாட்டியதும் சைக்கிள் டைம், அதாவது ஒரு பம்புக்கு ஆகும் நேரம், 74 வினாடி. கொட்டேஷனில் எழுதியிருந்தது 60. கேட்டால் "ஆபரேட்டர் பழகினா சரியாயிடும் சார்" என்று ஒரே பதில்.

மூன்றாவது வாரம் அக்கா வந்து, "தம்பி, இது என்னைப் பார்த்துட்டு நிக்குதா, நான் இதைப் பார்த்துட்டு நிக்கிறனான்னே தெரிலீங்க" என்றார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மனிதனும் ரோபோவும் எவ்வளவு இழைந்து வேலை செய்கிறார்கள் என்பதை அளக்க கய் ஹாஃப்மன் என்ற ஆராய்ச்சியாளர் 2019-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நான்கு அளவு, அவ்வளவுதான்: மனிதன் சும்மா நிற்கும் நேரம், ரோபோ சும்மா நிற்கும் நேரம், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேலை செய்யும் நேரம், ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவில் வீணாகும் நேரம். கடைசி அளவு மைனஸிலும் போகலாம், ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிட்டால். லைசென்ஸ், சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். போனை ஸ்டாண்டில் வைத்து 20 பம்பு வீடியோ எடுத்தேன், ராத்திரி உட்கார்ந்து எக்ஸெல்லில் ஏற்றினேன்.

சராசரியாக 74 வினாடியில் அக்கா சும்மா நின்றது 19, ரோபோ சும்மா நின்றது 31, இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தது 30. இதெல்லாம் போகட்டும், அதில் ஒரு 6 வினாடி இரண்டு பேருமே சும்மா நிற்கிறார்கள்! வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ரோபோ முடித்ததும் எரியும் பச்சை விளக்கு அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டன் வலது பக்கம் எட்டாத தூரத்தில். கையில் கேஸ்கெட்டோடு இருப்பவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் போய் அழுத்த வேண்டும், அதனால் அக்கா முழங்கையால் இடிக்கப் பழகியிருந்தார், இரண்டு தடவை இடித்தால் ஒரு தடவைதான் விழும். போதாததற்கு ஒவ்வொரு பம்புக்கும் ரோபோ "ஹோம்" என்ற தன் ஆரம்ப நிலைக்கு, தலைக்கு மேல் உயரம் வரை, போய்விட்டு வருகிறது, கும்பிடு போட்டுவிட்டு வருகிற மாதிரி.

வேகத்தைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். முடியாது, கூட்டவும் கூடாது. 2016-இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற கோபாட் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணம் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு விசை வரை தாங்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கையும் விரலும் நடுவில் மாட்டி நசுங்கும் நிலைக்கு 140 நியூட்டன். விரல் போகும் இடத்தில் நட் ரன்னரோடு இறங்கும் கை மெதுவாகத்தான் வர வேண்டும். ஆக, நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டியது காத்திருப்பில்தான்.

வீடியோவைக் காட்டியதும் இன்டக்ரேட்டர் இறங்கி வந்தார், அதற்கும் தனி விசிட் சார்ஜ் போட்டார் என்பது வேறு கதை. விளக்கை எதிரே மாற்றினார், ஹோமைத் தாழ்த்தினார், பட்டனை எடுத்துவிட்டு ஒரு சென்சார் வைத்தார்: கேஸிங் உட்கார்ந்தது தெரிந்து கடைசி போல்ட் ஏறும்போதே ரோபோ இறங்கத் தொடங்கிவிடும். சைக்கிள் 56 வினாடிக்கு வந்தது. அந்த நான்காவது அளவு மைனஸுக்கே போய்விட்டது. எனக்குக் கை கால் புரியாத சந்தோஷம்.

நான்கு நாள்தான். பிரஷர் டெஸ்ட்டில் பம்பு ஒழுக ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் கேஸ்கெட் ஓரமாக நகர்ந்திருக்கிறது. மேலிருந்து கை இறங்குவது கண்ணில் பட்டதும் அக்கா தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். "இது என்னை விரட்டுதுங்க தம்பி" என்றார். என் எக்ஸெல்லில் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது. ஹாஃப்மன் கட்டுரையில் உண்டு, வேலை செய்பவரிடமே கேட்கும் கேள்விப் பட்டியல் ஒன்றும் அதில் இருக்கிறது, நான்தான் கணக்கு கிடைத்த ஜோரில் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருந்தேன். கோபாட் என்ற யோசனையே 1990களில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்தபோது அந்த மெஷின் தானாக நகராது, ஆள் தள்ளினால் வழி மட்டும் காட்டும். இங்கே அது ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

இப்போது காலடியில் ஒரு பெடல். ரோபோ ஒரு சாண் உயரத்தில் வந்து நிற்கும், அக்கா கையை எடுத்து பெடலை மிதித்தால்தான் இறங்கும். மறுபடி 20 பம்பு எடுத்துப் பார்த்தேன்: சைக்கிள் 61 வினாடி, அக்கா சும்மா நிற்பது 9, ரோபோ 20, இரண்டு பேரும் சும்மா நிற்பது 1. 56-ஐ விட மோசம்தான், ஆனால் ஒழுகுவது நின்றுவிட்டது. அந்த 9 வினாடியையும் குறைக்கலாமா என்று முதலாளி கேட்டார். அதில்தான் அக்கா இடுப்பை நிமிர்த்துகிறார், தண்ணீர் குடிக்கிறார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மெஷினுக்கு ஐந்துக்கு நாலு. நிறுவியதற்கு இரண்டு, அதுவும் திரும்ப வந்து மாற்றிக் கொடுத்ததற்காக. வாங்கப் போகிறவர்கள் டெமோவுக்கு உங்கள் ஆபரேட்டரையே கூட்டிக்கொண்டு போங்கள், அவர் செய்வதை வீடியோ எடுங்கள். விசை அளந்த ரிப்போர்ட் விலைக்குள் அடங்குமா என்று ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், எங்களுக்கு அதைத் தனி பில்லாகப் போட்டார்கள்.

இரண்டாவது ஸ்டேஷனுக்கு கொட்டேஷன் கேட்டிருந்தோம், நேற்று வந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், சைக்கிள் டைம் 55 வினாடி. அக்காவிடம் காட்டினேன், "யாரு நின்னு பாத்தாங்களாம்?" என்றார்.