தரவு உள்ளீட்டுக்கு எந்த கிரிட்: மூன்று கிரிட்களின் ஒப்பீடு

பொருள், அளவு, விலை என்று வரிசை வரிசையாகத் தட்டச்சு செய்பவருக்கு இரண்டு கேள்விகளே முக்கியம்: என்டர் விசையை அழுத்தியதும் கர்சர் எங்கே போகிறது, இட்ட மதிப்பு எந்தக் கணத்தில் பதிவாகிறது? நிரலின் திரையில் அட்டவணை போலக் கட்டங்களில் தரவைக் காட்டும் பாகமே கிரிட். மூன்று கிரிட்களையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

மைக்ரோசாஃப்டின் பழைய நிரல்மொழியான விஷுவல் பேசிக் 6 காலத்து எம்எஸ்ஃப்ளெக்ஸ்கிரிட் தரவைக் காட்ட மட்டுமே தெரிந்தது. கட்டத்துக்குள் எழுத வழியில்லாததால், கட்டத்தின் இடத்தைச் சொல்லும் செல்லெஃப்ட், செல்டாப் முதலிய பண்புகளைக் கொண்டு ஒரு டெக்ஸ்ட்பாக்ஸை (எழுதும் பெட்டியை) அதன்மேல் பொருத்தி, அடுத்த கட்டத்துக்கு நகரும்போது மதிப்பை கிரிட்டில் எழுதினார்கள். விசைகள் முழுவதும் நம் வசம் இருந்தன. ஆனால் ஸ்க்ரோல் செய்தால் பெட்டி பழைய இடத்திலேயே மிதக்கும். பழைய நிரலைப் பராமரிப்பவர் தவிர வேறெவருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

2005இல் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் 2.0 உடன் வந்த டேட்டாகிரிட்வியூவில் திருத்தும் வசதி உள்ளேயே இருக்கிறது. செல்வேலிடேட்டிங் நிகழ்வில் தவறான மதிப்பைத் தடுத்து, பயனரை அதே கட்டத்தில் நிறுத்த முடியும். ஆயினும் என்டர் விசை இயல்பாகக் கீழ்க்கட்டத்துக்கே செல்லும். வலப்புறம் செலுத்த வேண்டுமானால், கிரிட்டின் இயல்புகளைப் பெற்று அவற்றை மாற்றும் வாரிசு வகுப்பு ஒன்றை எழுதி, திருத்தும்போது பிராசஸ்டயலாக்கீ, திருத்தாதபோது பிராசஸ்டேட்டாகிரிட்வியூகீ என இரு முறைகளையும் மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பாதி நேரம் என்டர் ஏன் கீழே ஓடுகிறது என்று தேடுபவர்கள் பலர். செக்பாக்ஸின் டிக், கட்டத்தை விட்டு நகரும்வரை பதிவாகாது. கரன்ட்செல்டர்ட்டிஸ்டேட்சேஞ்ச்ட் நிகழ்வில் கமிட்எடிட்டை அழைத்தால் உடனே பதிவாகும். இன்னொரு பொறியும் உண்டு: எடிட்டிங் பெட்டியை கிரிட் மறுபடி மறுபடி பயன்படுத்துவதால், விலைப் பத்திக்காகச் சேர்த்த எண் மட்டும் ஏற்கும் கட்டுப்பாட்டை நீக்காவிட்டால், பெயர்ப் பத்தியிலும் எழுத்துகள் ஏறாது.

டபிள்யூபிஎஃப் (டாட்நெட்டில் திரைகளை வடிவமைக்கும் தொகுப்பு) டேட்டாகிரிட் 2010இல் டாட்நெட் 4இன் பகுதியானது. காட்டும்போது ஒரு வடிவம், திருத்தும்போது வேறொன்று எனத் தனித்தனி டெம்ப்ளேட்டுகள் கொடுக்கலாம்; ஐஎடிட்டபிள்ஆப்ஜெக்ட் இடைமுகத்தை வகுப்பில் எழுதினால் முழு வரிசையின் மாற்றங்களையும் ரத்து செய்து பழைய மதிப்புகளுக்குத் திரும்பலாம். டேட்டாகிரிட்வியூவில் இந்த அழகு எளிதில் வராது. ஆனால் டெம்ப்ளேட் பத்தியில் திருத்த நிலைக்குப் போனாலும் உள்ளிருக்கும் பெட்டிக்கு ஃபோகஸ் (தட்டச்சை ஏற்கும் நிலை) தானாக வருவதில்லை. அதை ப்ரிபேரிங்செல்ஃபார்எடிட் நிகழ்வில் நாமே கொடுக்க வேண்டும். என்டர் இங்கும் கீழேதான் போகும்.

ஆகவே நாள் முழுவதும் எண்களைத் தட்டச்சு செய்யும் பணிக்கு டேட்டாகிரிட்வியூவையே எடுப்பேன். ஒரு கட்டத்துக்குள் படமும் தேதித்தேர்வியும் சேர வேண்டிய இடத்தில் மட்டும் டபிள்யூபிஎஃப் பக்கம் சாய்வேன். அங்கும் முதலில் எழுதும் நிரல், அந்த ஃபோகஸுக்கானதாகவே இருக்கும்.